ராஜ்தூத் 350: இடப்பக்கம் கரி, வலப்பக்கம் வெள்ளை

இடது சிலிண்டரின் பிளக்கைத் தொட்டால் விரலில் ஈரக் கரி பிசுபிசுவென்று ஒட்டுகிறது. வலது பிளக்கின் பீங்கான் முனையோ சுண்ணாம்பு பூசியதுபோல வெளுத்துக் கிடக்கிறது. கரி என்றால் பெட்ரோல் மிகுதி, வெளுப்பு என்றால் பற்றாக்குறை. ஆனால் ஒரே இன்ஜின், ஒரே பெட்ரோல், ஒரே எண்ணெய்.

வேலூரிலிருந்து பெங்களூருவின் அல்சூருக்கு வந்தது முதல் இந்த மோட்டார் சைக்கிள் இப்படித்தான். யமஹாவின் ஆர்டி 350-ஐ எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1980களில் இங்கே தயாரித்து விற்ற மாடல் இது: 347 சிசி, டூ ஸ்ட்ரோக், இரண்டு சிலிண்டர், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே, காற்றையும் பெட்ரோலையும் கலந்து கொடுக்க ஒரு மிகுனி கார்புரேட்டர். பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே வைத்தியத்தைத்தான் சொன்னார்கள். "கீழே ஊரில் போட்ட ஜெட் பெங்களூரு உயரத்துக்கு ஒத்துவராது தம்பி, மெயின் ஜெட்டை ஒரு நம்பர் குறைத்துவிடு" என்றார் மர்பி டவுனில் பட்டறை வைத்திருக்கும் அண்ணன். ஜெட் என்பது பெட்ரோலை அளந்து விடும் சின்னத் துளை; எண் குறைந்தால் பெட்ரோலும் குறையும். அண்ணன் வேறு யாராலும் கிளப்ப முடியாத வண்டிகளைக் கிளப்பிக் கொடுப்பவர். அவர் சொன்னால் மறுப்பது எளிதல்ல.

ஆனாலும் மனம் ஒப்பவில்லை. உயரத்தில் காற்று இளைத்துப் பெட்ரோல் மிகுவதுதான் காரணம் என்றால் இரண்டு பிளக்கும் கறுத்திருக்க வேண்டும். இடது சிலிண்டர் பெங்களூருவின் 920 மீட்டர் உயரத்திலும் வலது சிலிண்டர் மெரினாவிலுமா ஓடுகிறது?

கணக்கும் அவர் பக்கம் இல்லை. பெங்களூரு உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ 9 சதவீதம் குறைவு. ஆனால் காற்று இளைத்தால் ஜெட்டிலிருந்து அது உறிஞ்சும் பெட்ரோலும் ஓரளவு குறையும். அதனால் கலவையில் பெட்ரோல் மிகுவது 4, 5 சதவீதம்தான். இதற்கு எதிர்த்திசையில் இழுப்பது எத்தனால். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலை 2023 பிப்ரவரியில் அறிமுகப்படுத்தியதே இதே பெங்களூருவில்தான். எத்தனாலுக்குள் ஏற்கெனவே ஆக்சிஜன் இருப்பதால், அதே அளவு காற்றுக்கு 7, 8 சதவீதம் கூடுதல் எரிபொருள் வேண்டும். உயரம் கொடுத்ததை எத்தனால் வட்டியோடு வாங்கிக்கொள்கிறது. இந்த நிலையில் ஜெட்டையும் குறைத்தால், ஏற்கெனவே பட்டினி கிடக்கும் வலது சிலிண்டர் சூடேறி, பிஸ்டன் ஒருநாள் நடுரோட்டில் பிடித்துக்கொள்ளும்.

ஆக, ஒரே நோய் அல்ல, எதிரெதிரான இரண்டு நோய்கள். பிளக்கில் பொறி விழவைக்கும் பாயின்ட்களின் இடைவெளியையும், பொறி விழும் நேரமான டைமிங்கையும் முதலில் சரிபார்த்தேன். கார்புரேட்டர் மீது போடப்படும் பழியில் பாதி இக்னிஷனுக்குச் சேர வேண்டியது. அங்கே குறையில்லை.

இடது கார்புரேட்டரின் கிண்ணத்தைத் திறந்தால் அடியில் வெள்ளைப் பொடி படிந்திருந்தது. ஈரத்தை இழுக்கும் எத்தனால் பெட்ரோல் நாள்கணக்கில் தேங்கினால் வருவது. கார்புரேட்டரைத் தலைகீழாகப் பிடித்து, கிண்ணத்தில் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவையின் உயரத்தை வெர்னியரால் அளந்தேன். வலதுக்கும் இதற்கும் ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர் வேறுபாடு. மிதவையின் ஊசி வால்வைப் பூதக்கண்ணாடியில் பார்த்தபோது, கூம்பு முனையைச் சுற்றி மெல்லிய வளையமாகத் தேய்ந்திருந்தது. வால்வு முழுதாக மூடாமல் பெட்ரோல் மட்டம் ஏறிக்கொண்டே இருந்திருக்கிறது. ஜே.சி. ரோட்டில் புது ஊசியும் அது அமர்ந்து மூடும் இருக்கையும் கிடைத்தன. மாட்டிவிட்டு மிதவையின் பித்தளை நாக்கை மெல்ல வளைத்து உயரத்தைச் சரிசெய்தேன். ஜெட்டுகளை மட்டும் அங்கே வாங்கவில்லை. போலிகளில் பொறித்த எண் ஒன்று, துளை வேறு.

வலதுபக்கம்தான் சுவையானது. வண்டி சூடானபின் ஆக்சிலேட்டரை விட்டாலும் இன்ஜின் வேகம் இறங்காமல் தொங்கிக்கொண்டு நிற்கும். எங்கோ காற்றுக் கசிவு என்பதற்கு அதுவே சாட்சி. கிராங்க் தண்டின் ஓரத்தில் காற்று புகாமல் அடைக்கும் சீலாக இருக்குமோ என்று வயிறு கலங்கியது. அதற்கு இன்ஜினையே பிரிக்க வேண்டும். ஆனால் இந்த இன்ஜினில் வலதுபக்க சீலுக்கு அப்பால் இருப்பது கியர் எண்ணெய். அது கிழிந்திருந்தால் எண்ணெயை உறிஞ்சிப் புகையைக் கக்கும். பிளக் இப்படி வெளுத்திருக்காது. மீதி இருந்தது கார்புரேட்டரை இன்ஜினோடு இணைக்கும் ரப்பர் குழாய். ஐடிலிங்கில் ஓடவிட்டு அதன்மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்ததும் இன்ஜினின் சத்தம் மாறியது. வெளியே பார்க்கப் புதிதுபோல இருந்த குழாயைக் கழற்றி மடக்கினால், கிளாம்ப் அழுத்தும் இடத்துக்குக் கீழே நகக்கண் அளவுக்கு ஒரு வெடிப்பு வாய்திறந்தது. இரண்டு பக்கத்துக்கும் புதிது போட்டேன்.

பிறகு இரண்டு கார்புரேட்டரையும் ஒன்றாக மூச்சுவிட வைக்கும் வேலை. கைப்பிடியிலிருந்து வரும் ஒரே கேபிள் டாங்குக்குக் கீழே இரண்டு கார்புரேட்டருக்கும் எண்ணெய் பம்புக்குமாகப் பிரிகிறது. ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு, ஒரே டிரில் பிட்டின் வழவழப்பான தண்டை, கேபிள் இழுத்தால் மேலேறிக் காற்றுக்கு வழிவிடும் இரண்டு ஸ்லைடுக்கடியிலும் மாற்றி மாற்றி நுழைத்து, ஒரே இறுக்கம் தெரியும்வரை ஐடிலிங் திருகுகளைச் சரிசெய்தேன். அடுத்து, ஆக்சிலேட்டரை மயிரிழை திருகும்போது இரண்டு ஸ்லைடும் ஒரே கணத்தில் அசைகின்றனவா என்று விரல்நுனியால் உணர்ந்து கேபிளின் தளர்வைச் சமன்செய்தேன். காற்றுத் திருகுகள் மூடிய நிலையிலிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே. கேபிளைத் தொட்டுவிட்டால் எண்ணெய் பம்பின் குறியையும் உடனே பார்த்துவிட வேண்டும். ஸ்லைடு திறந்து பம்ப் பின்தங்கினால் இன்ஜினுக்கு எண்ணெய் போதாது; பெட்ரோல் இருந்தும் பயனில்லை. கடைசியில் பட்டறை அண்ணனே வந்து இரண்டு சைலென்சருக்கும் பின்னால் உள்ளங்கைகளை நீட்டி, கண்ணை மூடிக்கொண்டு, "இடதுபக்கம் கால் சுற்று திருகு" என்றார். திருகினேன். ஐடிலிங் நிமிடத்துக்கு 1,300 சுற்றில் நின்றது.

விடியற்காலையில் நந்தி மலைக்கு ஓட்டிப்போனேன். 1,478 மீட்டர், உயரம்தான் வில்லன் என்றால் அங்கே தெரிந்திருக்க வேண்டும். கொண்டை ஊசி வளைவுகளில்கூட வண்டி இருமவில்லை. மேலே கழற்றிப் பார்த்தபோது இரண்டு பிளக்கும் ஒரே பழுப்பு. மெயின் ஜெட் வேலூரிலிருந்து வந்ததேதான்.

கால்வாசி ஆக்சிலேட்டரில் மட்டும் ஒரு சிறு தடங்கல் இன்னும் இருக்கிறது. ஸ்லைடுகளில் தொங்கும் இரண்டு ஊசிகளின் (மிதவை ஊசி அல்ல) கிளிப்பையும் ஒரு பள்ளம் கீழே மாற்றி, அதாவது ஊசியைச் சற்று உயர்த்தி, ஓசூர் ரோட்டில் ஓட்டிப் பார்க்கப் போகிறேன். அதில் தீராவிட்டால் ஸ்லைடைத்தான் சந்தேகிக்க வேண்டும்.