அம்மா கேட்ட கேள்வி

"ஸ்கேன்ல குழந்தைக்கு ஹார்ட்பீட் இல்லம்மா."

நான் சொன்னதும், நோயாளியாக நடிக்க உட்கார்ந்திருந்த என் அம்மாவின் கை தானாக வயிற்றுக்குப் போனது.

பிரிட்டனின் மகப்பேறு, மகளிர் மருத்துவத் தேர்வான எம்ஆர்சிஓஜியின் மூன்றாம் கட்டத்துக்கான பயிற்சி. 14 ஸ்டேஷன், அதாவது 14 தனித்தனிச் சோதனைகள்; ஒவ்வொன்றிலும் படிக்க 2 நிமிடம், பேச 10 நிமிடம். காத்திருக்கலாம், மாத்திரை தரலாம், சுத்தம் செய்யலாம் என மூன்று வழிகளையும் கடகடவென்று ஒப்பித்தேன்.

அம்மா தன் வசனத் தாளில் இல்லாததைக் கேட்டார்.

"மாடிப்படி ஏறினதாலயா டாக்டர்?"

ஆரம்பக் கருச்சிதைவுகளில் ஏறத்தாழ பாதி குரோமோசோம் கோளாறால் வருபவை. படி ஏறியதால் அல்ல. வேலைக்குப் போனதால் அல்ல. அதை நான் சொல்லவே இல்லை.

என் ஓபியில் இந்தக் கேள்வியை மனதிலேயே வைத்துக்கொண்டு எழுந்து போனவர்கள் எத்தனை பேரோ.

சரி, மறுபடி டைமர் வைத்தோம். இந்த முறை அம்மா பேசும்வரை நான் பேசவில்லை.