வெயிலா, உடம்பா?

2025 மே 4, ஞாயிறு

இன்று கத்திரி தொடங்கிவிட்டது. பாம்பனில் இந்த நாட்களில் வேர்க்காதவர் யாரும் இல்லை, அதனால்தான் ஐந்து மாதமாக எனக்கு வருவதை வீட்டில் ஒருவரும் நம்பவில்லை, நானே பாதி நம்பவில்லை. நேற்று ராத்திரி இரண்டரை மணி. கடல்காற்று ஜன்னல் வழியே ஜிலுஜிலுவென்று வருகிறது, அவர் போர்வையை இழுத்து மூடித் தூங்குகிறார், எனக்கு மட்டும் நெஞ்சிலிருந்து அனல் கிளம்பி கழுத்து, முகம், காது வரை ஏறி, தலையணை நனைந்து, மூன்று நான்கு நிமிஷத்தில் அடங்கிய பிறகு உடம்பு வெடவெடவென்று குளிர்கிறது. வெயிலில் வேர்த்தால் நிழலுக்குப் போனதும் அடங்கும். இது நிழலில் இருக்கும்போதே வருகிறது.

எனக்கு வயது 49. கடைசியாகத் தூரம் வந்தது போன தீபாவளிக்கு முந்தின வாரம். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் ஐஸ், டீசல் கணக்கு எழுதுகிற நோட்டு சும்மா கிடக்கிறது. இது வெயிலா, மாதவிடாய் நிற்கிற பருவத்து அனலா என்று பார்க்க இன்று முதல் அதில் இதை எழுதப்போகிறேன்: வந்த நேரம், எத்தனை நிமிஷம், அப்போது எங்கே இருந்தேன், காற்று இருந்ததா, தூக்கம் கெட்டதா.

மே 7, புதன்

மூன்று நாள் கணக்கு. பகலில் 5, 4, 6. ராத்திரியில் 3, 2, 3. விடியற்காலை குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தபோதுகூட ஒருமுறை வந்தது.

ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறேன் என்றால், போன மாதம் ஒரு கிளினிக்கில் சொன்னேன். “வயசாகுதுல்லம்மா, அப்படித்தான் இருக்கும்” என்று சத்து மாத்திரை எழுதி அனுப்பிவிட்டார்கள். அழுகையாக வந்தது. ஆனால் நானும் “உடம்பு சூடா இருக்கு” என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன். இங்கே அதைச் சொல்லாத ஆள் யார்? இந்த முறை ராமநாதபுரத்தில் மகளிர் மருத்துவரிடம் 19ஆம் தேதி போகிறேன், நோட்டோடு போகிறேன்.

வேறு என்னென்ன எழுத வேண்டும் என்று மகளிடம் போனில் கேட்டேன். மதுரையில் நர்சிங் படிக்கிறாள். முட்டி வலி, படபடப்பு, காரணமில்லாத கோபம், மறதி எல்லாம் எழுதச் சொன்னாள். தைராய்டு கோளாறிலும் இப்படிப் படபடப்பும் வேர்வையும் வருமாம், அந்தப் பரிசோதனை வேண்டுமா என்று கேட்கச் சொன்னாள். அப்புறம் அவளே, “அம்மா, அப்பாகூட இருக்கும்போது கீழே எரிச்சல் இருந்தா அதையும் எழுதும்மா” என்றாள். நான் பேசாமல் இருந்தேன். எழுதிவிட்டேன். வாயால் சொல்ல முடியாவிட்டால் அந்தப் பக்கத்தைப் பிரித்து டாக்டர் முன்னால் வைத்துவிடுவேன்.

மே 11, ஞாயிறு

மதினி பாசி எடுத்துவிட்டுக் கரையேறும்போது போய் உட்கார்ந்தேன். அவருக்கு 38 வயதிலேயே கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். “நீயும் எடுத்துரு, தொல்லை விட்டுச்சு” என்றார். ஆனால் அந்த ஆபரேஷனுக்கு அடுத்த வாரமே தண்ணீருக்குள் நிற்கும்போதும் அனல் அடித்ததாக அவரே சொல்கிறார். கர்ப்பப்பையோடு சினைப்பையையும் சேர்த்து எடுத்தால் ஹார்மோன் ஒரே நாளில் நின்றுவிடும், அதனால்தான் அவ்வளவு கடுமை. அன்றைக்கு அதை அவருக்கு யாருமே சொல்லவில்லை. பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது, இன்றைக்குத்தான் காரணம் கேட்கிறார். எனக்கு மனசு ஆறவில்லை.

இந்த அனலுக்குத் தரும் ஹார்மோன் மருந்து கர்ப்பப்பை இருப்பவருக்கும் இல்லாதவருக்கும் வேறு. இருந்தால் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனை மட்டும் தரக்கூடாது, கர்ப்பப்பையின் உள்சுவர் தடித்துப் புற்றுநோய் வரை போகலாம், அதனால் புரோஜெஸ்ட்ரோன் வகை மருந்தும் சேர்த்துத் தருவார்கள். எனக்குக் குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷன் மட்டும்தான், கர்ப்பப்பை இருக்கிறது. இதை நோட்டின் முதல் வரியில் எழுதிவிட்டேன்.

மதினிக்கு இன்னொரு பயம். “ஹார்மோன் மாத்திரை மாருல கட்டி கொண்டாந்துரும், ஒன் சின்னம்மாவ நெனச்சுப் பாரு.” அந்தப் பயம் எனக்கும் உண்டு. சின்னம்மாவுக்கு 52 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்தது. ஊர் உலகத்துக்கே இந்தப் பயம் பெரிதாக வந்தது 2002இல், அமெரிக்காவில் பெண்கள் உடல்நல ஆய்வில் ஒரு பகுதியைப் பாதியில் நிறுத்தியபோது. இந்த இரண்டும் சேர்ந்த கூட்டு ஹார்மோன் மாத்திரையை 10,000 பெண்கள் ஒரு வருஷம் சாப்பிட்டால் மார்பகப் புற்றுநோய் கூடுதலாக 8 பேருக்கு என்பது அதன் கணக்கு. அதில் சேர்ந்த பெண்களின் சராசரி வயது 63. இப்போது 60 வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்று 10 வருஷத்துக்குள், வேறு தடை இல்லாமல் தொல்லை அதிகமாக இருந்தால் பெரும்பாலும் நன்மைதான் மிஞ்சும் என்கிறார்கள். தடை என்றால் தனக்கே மார்பகப் புற்றுநோய் வந்திருப்பது, ரத்தக்கட்டு, மாரடைப்பு, பக்கவாதம், ஈரல் நோய், காரணம் தெரியாத ரத்தப்போக்கு. சின்னம்மாவுக்கு வந்ததாலேயே எனக்குக் கதவு அடைபடவில்லை, ஆனால் கட்டாயம் சொல்ல வேண்டும்.

மே 16, வெள்ளி

மூன்று நாள் எழுதவில்லை, தூக்கமே இல்லை.

டாக்டரிடம் ஐந்து நிமிஷம் கிடைத்தால் எதை முதலில் கேட்பது? யோசித்து வரிசை போட்டிருக்கிறேன். தூரம் நின்று இன்னும் 12 மாதம் ஆகவில்லை, இப்போதே சிகிச்சை தொடங்கலாமா? மாத்திரையா, தோலில் தடவும் ஜெல்லா? மாத்திரையைவிட ஜெல்லில் ரத்தக்கட்டு ஆபத்து குறைவு என்று மகள் சொன்னதால் இதை விடமாட்டேன். எரிச்சலுக்கு மட்டும் உள்ளே போடும் கிரீம் போதுமா? ஹார்மோனே ஆகாது என்றால் அனலைக் குறைக்க வேறு மாத்திரை உண்டா? எவ்வளவு நாள், எப்போது மறுபடி பார்க்க வேண்டும்?

அம்மா 67 வயதில் கிணற்றடியில் வழுக்கி இடுப்பு எலும்பு உடைந்து, அதன் பிறகு எழுந்து நடக்கவே இல்லை. ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் முதல் சில வருஷங்களில் எலும்பு வேகமாகத் தேயும். அதையும் எழுதினேன். எழுதும்போது கை நடுங்கியது.

மே 19, திங்கள்

பாலத்தில் பஸ் போகும்போதே ஒருமுறை வந்தது, ஜன்னல் சீட், நல்ல காற்று. 8.50 என்று குறித்தேன்.

டாக்டர் நோட்டை வாங்கி நிதானமாகப் படித்தார். அந்தப் பக்கத்தையும் படித்தார், நான் வாய் திறக்கும் முன் “இது நிறையப் பேருக்கு இருக்கும்மா, சரி பண்ணலாம்” என்றார். வருஷம் முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லையாம். ஆனால் பிரஷர் 150/94. அதை முதலில் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும், மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே), வயிற்று ஸ்கேன், சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு பார்க்க வேண்டும், எல்லாம் சரியாக இருந்தால் ஜெல்லும் ராத்திரி ஒரு புரோஜெஸ்ட்ரோன் மாத்திரையும் தரலாம் என்றார். சின்னம்மா விஷயத்தைக் கேட்டு, எத்தனை வயதில் வந்தது, குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா என்று குறித்துக்கொண்டார்.

திரும்பும்போது வீட்டுக்காரர் நோட்டை வாங்கி உச்சிப்புளி தாண்டும்வரை ஒவ்வொரு பக்கமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். “ராத்திரி ரெண்டே முக்கால்னு போட்டிருக்க. நான் பக்கத்துலதான இருந்தேன், எழுப்பிருக்கலாம்ல?”

மேமோகிராம் வியாழக்கிழமை. தானும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.