ஆபரேஷன் தியேட்டர் வாசல்ல ஒரு கேப்பிட்டலிசம் சண்டை

அப்பாவுக்கு முழங்கால் மூட்டு மாத்துற ஆபரேஷன். உள்ள கூட்டிட்டுப் போய் கதவ சாத்திட்டாங்க, மூணு மணி நேரமாவது ஆகும்னாங்க. வெளிய சேர்ல நானும் என் ஃப்ரெண்டும். காலேஜ் நாள்லேர்ந்து எங்களுக்குள்ள ஓடிட்டிருக்கிற சண்டை ஒண்ணு, நான் சோஷலிசம் பேசுவேன், அவன் மார்க்கெட் மார்க்கெட்னு உயிர விடுவான். அன்னிக்கும் ஆரம்பிச்சது அவன்தான். "என்னடா தோழர், பிரைவேட் ஆஸ்பத்திரில வந்து உக்காந்திருக்கீங்க?"

சுருக்குன்னு இருந்துச்சு. அரசு ஆஸ்பத்திரில பேர் கொடுத்து மாசக்கணக்கா காத்திருந்தோம், தேதி தள்ளிட்டே போச்சு, அப்பா ராத்திரி வலில முனகறத கேட்டுட்டு கொள்கை பேச முடியல, அதான் இங்க வந்தேன். இத அவன்கிட்ட சொல்லல. பதிலுக்கு அமெரிக்காவ இழுத்தேன் (எப்பவும் நான் இழுக்கறதுதான்). அந்த நாட்டு மொத்த உற்பத்தில 17 சதவீதத்துக்கிட்ட வைத்தியத்துக்கே போகுது, பணக்கார நாடுகள்லயே அதிகம், அப்படியும் இன்ஷூரன்ஸ் இல்லாதவங்க அங்க கோடிக்கணக்குல இருக்காங்கன்னு. அவன் அசரல. அதுல கிட்டத்தட்ட பாதி அரசாங்கப் பணம்டா, 1965-லயே வயசானவங்களுக்கு மெடிகேர்னு அரசாங்க இன்ஷூரன்ஸ் கொண்டு வந்துட்டாங்க, அத போய் சுத்தமான மார்க்கெட்னு யார் சொன்னாங்கறான்.

சரி, இன்சுலினுக்கு வான்னேன். கண்டுபிடிச்சவங்க 1923-ல பேட்டன்ட்ட டொரன்டோ பல்கலைக்கழகத்துக்கு ஆளுக்கு 1 டாலருக்கு கொடுத்துட்டாங்க, எல்லாருக்கும் கிடைக்கணும்னு. இன்னிக்கு உலக மார்க்கெட்ல பெரும்பகுதிய வெச்சிருக்கறது மூணே கம்பெனி. ஹியூமலாக்னு ஒரு வகை, அமெரிக்காவுல 1996-ல ஒரு குப்பி 21 டாலர், 2019 வாக்குல லிஸ்ட் விலை 275 டாலர். மருந்து அதேதான்டா, குப்பியும் அதேதான், இதுக்கு என்ன பதில்னு கேட்டேன். அவன் சொன்னது என்னன்னா, பேட்டன்ட்ங்கறதே அரசாங்கம் எழுதிக் கொடுக்கற ஏகபோகம், போட்டிய உள்ள விடாம கதவ பூட்டி வெச்சுட்டு அதுக்கு பேர் கேப்பிட்டலிசம்னா நான் என்ன பண்றது, நாலு கம்பெனிய உள்ள விடு, விலை தானா இறங்கும். யோசிச்சா அவன் பாயின்ட்ல பாதி நியாயம் இருக்கு. பாதிதான்.

அப்புறம் என் மடியிலயே கைய வெச்சான். "நீயே மூணு ஆஸ்பத்திரில ரேட் விசாரிச்சுத்தானே இங்க வந்தே? அதுதான்டா மார்க்கெட்."

விசாரிச்சேன், உண்மைதான். மூணு எஸ்டிமேட் வாங்கினேன். ஒண்ணுல மூட்டு விலை சேர்த்தி, ஒண்ணுல தனி, இன்னொண்ணுல எந்த மூட்டுன்னே போடல, மூணுலயும் அடியில பொடி எழுத்துல 'மாறுதலுக்கு உட்பட்டது'. எந்த மூட்டு நல்லதுன்னு எனக்கு என்ன தெரியும்? டாக்டர் கை காட்டினத எடுத்தேன். வாங்கறவனுக்கு என்ன வேணும்னு விக்கறவரே சொல்ற கடை வேற எங்க இருக்கு? கென்னத் ஆரோன்னு ஒரு பொருளாதார அறிஞர் 1963-லயே இத விளக்கி எழுதிட்டார், எப்ப நோய் வரும்னு தெரியாது, வந்தா எந்த வைத்தியம் பலிக்கும்னும் தெரியாது, அதனால மத்த சாமான் மாதிரி இது மார்க்கெட்ல ஒழுங்கா நடக்காதுன்னு. பின்னாடி நோபல் வாங்கினவர், கம்யூனிஸ்ட் எல்லாம் இல்ல.

இத சொல்லிட்டிருக்கும்போதே ஒரு ஸ்ட்ரெச்சர் எங்கள தாண்டி ஓடுச்சு. ஐம்பது வயசு இருக்கும், நெஞ்ச புடிச்சிட்டிருந்தார், ஒரு கால்ல செருப்பு இல்ல. பின்னாடி ஓடிவந்த பொண்ண கவுன்டர்ல நிறுத்தி "அட்வான்ஸ் கட்டிட்டு வாங்கம்மா"ன்னாங்க. அந்தப் பொண்ணு பைய தொறந்து கார்டுகளக் கீழ கொட்டிடுச்சு. என் ஃப்ரெண்டு எழுந்து போய் குனிஞ்சு பொறுக்கிக் கொடுத்துட்டு வந்தான். கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் பேசல.

அங்கதான் எனக்கு ஒண்ணு உறைச்சது. இத்தன வருஷமா நாங்க ஆஸ்பத்திரி யாரோடதுன்னு சண்ட போட்டுட்டிருக்கோம். கேக்க வேண்டியது காசு எப்ப கட்டறோம்னு. உடம்பு நல்லா இருக்கும்போதே எல்லாரும் சேர்ந்து கட்டி வெச்சுட்டா அந்தப் பொண்ணு கவுன்டர்ல நிக்க வேண்டாம். அத வரியா கட்டலாம், சந்தாவா கட்டலாம். சுவிட்சர்லாந்துல பிரைவேட் இன்ஷூரன்ஸ்தான், ஆனா 1996-லேர்ந்து எல்லாரும் எடுத்தே ஆகணும், அடிப்படை பாலிசில லாபம் பாக்கக் கூடாது, நோயாளின்னு தள்ளவும் கூடாது. பிரிட்டன்ல 1948-லேர்ந்து வரிப்பணம். ஜெர்மனில 1883-லயே தொழிலாளிக்கு நோய்க் காப்பீடு, கொண்டு வந்தவர் அப்ப அங்க ஆட்சி நடத்தின பிஸ்மார்க், அவர் சோஷலிஸ்ட் கட்சிய தடை பண்ணின ஆள்! தொழிலாளிங்க அந்தப் பக்கம் போயிடக் கூடாதுன்னுதான் அதையே பண்ணினார். இத சொன்னதும் என் ஃப்ரெண்டுக்கு ஒரே குஷி, ஏதோ அவனே கொண்டு வந்த மாதிரி.

ஆனா என் பக்கத்துலயும் ஓட்டை இருக்குன்னு ஒத்துக்கறேன். எல்லாம் இலவசம்னு ஆரம்பிச்ச பிரிட்டன்லயே 1951-ல பல்செட்டுக்கும் கண்ணாடிக்கும் காசு வாங்க முடிவு பண்ணிட்டாங்க, அந்த இலவச வைத்தியத் திட்டத்த கொண்டு வந்த அமைச்சர் பெவன் கோவிச்சுட்டு ராஜினாமாவே பண்ணிட்டார். காசுல வரிசை இல்லன்னா நேரத்துல வரிசை வரும். அந்த வரிசைலதான் எங்கப்பாவும் நின்னாரு.

நர்ஸ் வந்து நல்லபடியா முடிஞ்சுதுன்னு சொன்னாங்க. அட்வான்ஸ் கட்டினதுக்கு ரசீதையும் என் கையில கொடுத்தாங்க, காலைல நான் அப்பாவோட உள்ள இருந்தப்ப என் கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம அவன் கார்டுலேர்ந்து கட்டியிருக்கான். இன்னும் முழுசா திருப்பிக் கொடுக்கல. போன வாரம் வட்டி எவ்ளோடான்னு கேட்டேன்.

"கேட்டா கேப்பிட்டலிஸ்ட்னு எழுதிடுவே, வேணாம்"னான்.