பீரோவுக்கு ஒரு வீடு வேண்டும்

நேற்று பாபு ராவ் தெருவில் ஒரு மாடி வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தேன். "எத்தனை நாளைக்கு?" என்று கேட்டார் அந்த வீட்டு அம்மாள். "பத்து வருடமாவது இருக்கலாம் என்று பார்க்கிறேன்" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். பக்கத்தில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்ற என் அம்மாவைப் பார்த்தார். என் கையிலிருந்த தடித்த பிளாஸ்டிக் ஃபைலைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அவ்வளவு பெரிய வியாதியா தம்பி?" என்றார்.

முதலிலிருந்து சொன்னால்தான் சரிவரும்.

வேலூர் வேலப்பாடியில் நாங்கள் குடியிருக்கும் வீட்டைக் காலி செய்யும்படி எங்கள் வீட்டுக்காரர் ஏப்ரலிலேயே சொல்லிவிட்டார். மகனுக்குக் கல்யாணமாம், புது ஜோடி வந்து குடியிருக்கப் போகிறதாம். பதினொரு வருடம் இருந்தாயிற்று, நல்ல காரியம்தானே, அட்சதை போட்டுவிட்டுக் கிளம்புகிறோம் என்றோம். அடுத்த வாரமே ஒரு மேஸ்திரி வந்து, நாங்கள் காபி குடித்துக்கொண்டிருக்கும்போதே கூடத்தை நூல் பிடித்து அளந்து, தரையில் சாக்கட்டியால் கோடு போட்டார். நாலு அறை, நாலு குளியலறை. ஒரு மாப்பிள்ளை எப்படி நாலு குளியலறையில் குளிப்பார் என்று எங்கள் சின்னவன் அவரிடமே கேட்டுவிட்டான். மேஸ்திரி சிரித்துக்கொண்டே, "எல்லாம் வெளியூர் பேஷண்டுகளுக்குத் தம்பி" என்று உண்மையைச் சொல்லிவிட்டார்.

அந்தக் கோடு இன்னும் போகவில்லை. என் மனைவி சுமதி தினமும் துடைக்கிறாள், அது தினமும் பளிச்சென்று தெரிகிறது. இரண்டு மாதமாக நாங்கள் இரவுச் சாப்பாட்டை மூன்றாவது குளியலறையில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறோம்.

குற்றம் சொல்லவும் முடியவில்லை. ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-இல் ஒரே ஒரு கட்டிலைப் போட்டு வைத்தியத்தை ஆரம்பித்த ஊர் இது. அந்த ஒரு கட்டில் பெருகிப் பெருகி, சி.எம்.சி. ஆஸ்பத்திரியாகி, அதற்குள்ளும் இடம் போதாமல் வெளியே வந்து, காந்தி ரோடு, பாபு ராவ் தெரு, தோட்டப்பாளையம் என்று பரவி, இப்போது எங்கள் கூடத்து வாசல் வரைக்கும் வந்து நிற்கிறது. வங்காளத்திலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிறவர்களிடம் போய், நகருங்கள் ஐயா, எனக்கு இரண்டு படுக்கையறை வேண்டும் என்று எந்த வாயால் சொல்வது?

ஆனால் எனக்கு இரண்டு படுக்கையறை வேண்டும். அதைவிட முக்கியம், பீரோவுக்குப் படிக்கட்டு வேண்டும்.

பீரோவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அப்பா 1978-இல் வாங்கியது. ஆறரை அடி உயரம், மூன்றடி அகலம், பத்தொன்பது அங்குலம் ஆழம். போன முறை வீடு மாறியபோது அதைத் தூக்க வந்த நாலு பேரில் ஒருவர் இன்றைக்கும் என்னைப் பார்த்தால் இடுப்பில் கை வைத்துக்கொண்டுதான் பேசுவார். இப்போதெல்லாம் கட்டுகிறார்களே மாடிப்படி, இரண்டடி அகலத்தில், பாதியில் பாம்பு மாதிரி வளைந்து, அதில் மனிதனே பக்கவாட்டில்தான் ஏற வேண்டும். விற்றுவிடலாம் என்று ஒருமுறை சொன்னேன். அம்மா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. அதிலிருந்து வீடு பார்க்கப் போனால் அளக்கும் டேப்போடுதான் போகிறேன். சுமதி சமையலறையைப் பார்ப்பாள், பெரியவள் தன் படிப்பு மேஜைக்கு ஜன்னல் பார்ப்பாள், நான் படிக்கட்டுத் திருப்பத்தில் குந்தி உட்கார்ந்து அளந்துகொண்டிருப்பேன். ஒரு வீட்டில் என்னை மேஸ்திரி என்று நினைத்து, தளம் ஒழுகுகிறது, அதையும் பார்த்துவிடுங்கள் என்றார்கள்.

முதலில் காட்பாடிப் பக்கம் போனோம். பாலாற்றுப் பாலத்தைத் தாண்டியதுமே கணக்கு வேறு. அங்கே வீட்டுக்கு வாடகை இல்லை, தலைக்கு வாடகை. பல்கலைக்கழகப் பிள்ளைகள் தலைக்கு மூவாயிரத்து ஐந்நூறு கொடுக்கிறார்கள், ஒரு வீட்டில் நாலு தலை. "உங்களுக்கு எத்தனை தலை?" என்றார் ஒரு வீட்டுக்காரர். ஐந்து தலை, அதில் சம்பளம் வாங்கும் தலை ஒன்றுதான் என்றேன். மனிதர் நல்லவர், மோர் கொடுத்து அனுப்பினார்.

அடுத்தது காகிதப்பட்டறையில் ஒரு மூன்றாவது மாடி. மேலே ஓடு இல்லை, தட்டோடு இல்லை, மொட்டைத் தளம் மட்டும். ஆனி மாதம் மாலை ஆறு மணிக்கு உள்ளே நுழைந்தோம், சுவர் கொதித்துக்கொண்டிருந்தது. நம் ஊர் கத்திரி வெயிலில் அங்கே இருந்தால் அடுப்புச் செலவு மிச்சம், மாவைச் சுவரில் அப்பினால் போதும். காவிரித் தண்ணீர் வருமா என்று சுமதி கேட்டாள். "வரும்" என்றார் வீட்டுக்காரர். எப்போது என்று கேட்டாள். "வரும்" என்றார்.

"நீங்கள் என்ன ஆட்கள்?" என்று ஒருவர் கேட்டார். "வேலூர் ஆட்கள்" என்றேன். இன்னும் விவரமாகச் சொல்லச் சொன்னார். "வேலப்பாடி ஆட்கள்" என்றேன். அதோடு அந்த வீடும் போயிற்று. அதற்காக நான் வருத்தப்படவில்லை.

ராத்திரி தூக்கம் வராதபோது கோட்டையைத்தான் நினைத்துக்கொள்வேன். இந்த ஊரில் நல்லபடியாகக் குடியிருந்தவர் என்றால் கண்டி ராஜா ஒருவர்தான். வெள்ளைக்காரன் அவரை இலங்கையிலிருந்து பிடித்து 1816-இல் கொண்டுவந்து வைத்தான், 1832-இல் கண்ணை மூடுகிற வரைக்கும் இங்கேதான். அட்வான்ஸ் கிடையாது, வாடகை கிடையாது, மகனுக்குக் கல்யாணம் என்று சொல்லி யாரும் வந்து நிற்கவில்லை. போன பிறகும் பாலாற்றங்கரையில் முத்து மண்டபம் என்று தனி வீடு. இதே கோட்டையில் இருந்த திப்பு சுல்தானின் குடும்பத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 1806-இல் சிப்பாய்கள் எழுந்ததும், இவர்கள் இங்கே இருப்பது சரிப்படாது என்று மொத்தக் குடும்பத்தையும் கல்கத்தாவுக்குக் குடி மாற்றிவிட்டார்கள். அன்றைக்கு நாம் கல்கத்தாவுக்கு ஆள் அனுப்பினோம், இன்றைக்குக் கல்கத்தா நமக்கு ஆள் அனுப்புகிறது. கணக்கு நேராகிவிட்டது, நடுவில் மாட்டிக்கொண்டவன் நான். கோட்டைக் கோயில் ஜலகண்டேஸ்வரரே தன் வீட்டை விட்டுவிட்டு எத்தனையோ காலம் சத்துவாச்சாரியில் ஒண்டுக்குடித்தனம் இருந்துவிட்டு, 1981-இல்தானே திரும்பி வந்தார். நான் எந்த மூலைக்கு?

சாமிக்கே இடம் கொடுத்த சத்துவாச்சாரி நமக்கும் கொடுக்காதா என்று நேற்று காலை அங்கே போனோம். அம்மாவும் வருகிறேன் என்று ஸ்கூட்டரில் ஏறிக்கொண்டாள். கீழ் வீடு, படிக்கட்டே இல்லை. வாசலில் முருங்கை மரம். பீரோ மட்டுமல்ல, பீரோவின் அண்ணன் வந்தாலும் நுழையும் கதவு. அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. பீரோ எங்கே, ஆட்டுக்கல் எங்கே என்று கண்ணாலேயே வைத்துவிட்டாள்.

வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற அரசு ஊழியர். ஊஞ்சலில் உட்கார்ந்தபடி என்னைக் கேள்வி கேட்டார். இருபது வருடம் முன்பு நான் வேலைக்குப் போனபோதுகூட இவ்வளவு கேட்கவில்லை. சம்பளச் சீட்டு, ஆதார் நகல், பழைய வீட்டு மின்கட்டண ரசீது எல்லாம் அந்த பிளாஸ்டிக் ஃபைலில் வைத்திருந்தேன், ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். அட்வான்ஸ் பத்து மாதம் என்றார். எனக்கு நாக்கில் சனி. 2017-இல் வந்த வாடகைச் சட்டத்தில், வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் தவிர மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்று இருக்கிறதே ஐயா என்றேன். அதன் நகல்கூட ஃபைலில் இருந்தது. அவர் கோபப்படவே இல்லை. "அப்படியா, நல்ல சட்டம். அந்தச் சட்டத்திடம் வீடு காலியாக இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்களேன்" என்றார்.

சரி, பத்து மாதம் என்று இறங்கி வந்தேன். அப்போதுதான் அவர் அம்மாவைப் பார்த்து, "அம்மாவுக்கு என்ன வயது?" என்றார். எழுபத்தெட்டு என்றேன். ஊஞ்சல் நின்றது. "ஒன்றும் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வயதானவர்கள் என்றால் கொஞ்சம் யோசிக்கிறோம். நாளைக்கு ஒன்று ஆகிவிட்டால், பிறகு அந்த வீட்டுக்கு வேறு யாரும்..." என்று இழுத்தார்.

எனக்குக் காது சூடாகிவிட்டது. என்ன சொல்வதென்று வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோது அம்மா, சுண்டைக்காய் விலை சொல்கிற மாதிரி நிதானமாகச் சொன்னாள்: "அதற்கென்ன ஐயா, ஆஸ்பத்திரி பக்கத்தில்தானே இருக்கிறது. அங்கே போய்ச் செத்துக்கொள்கிறேன்."

அவர் எழுந்து நின்றுவிட்டார். உள்ளேயிருந்து அவர் மனைவி ஓடிவந்து காபி சாப்பிடுங்கள் என்றார். அம்மா, முருங்கைக்காய் நான்கு கிடைக்குமா என்று கேட்டு, வாங்கி மடியில் கட்டிக்கொண்டு, என்னைப் பார்த்து "வா" என்றாள். ஸ்கூட்டரில் கிரீன் சர்க்கிள் வரும் வரைக்கும் இரண்டு பேரும் பேசவில்லை. சிக்னலில் நின்றபோது பின்னாலிருந்து, "எதற்கு வம்பு, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே பார்த்துவிடலாம்" என்றாள்.

அப்படித்தான் பாபு ராவ் தெருவுக்கு வந்து சேர்ந்தோம்.

பலகையில் தமிழ் கடைசி வரியில் இருந்தது, அதற்கு மேலே வங்காளி, இந்தி. அந்த அம்மாள் எடுத்த எடுப்பில் "கொத்தோ தின்?" என்றுதான் கேட்டார். நான் விழிப்பதைப் பார்த்துவிட்டுத் தமிழுக்கு மாறினார். வியாதி இல்லை, வீடுதான் இல்லை என்று விளக்கியதும் அவருக்கு என் மேல் உண்மையிலேயே இரக்கம் வந்துவிட்டது. வியாதிக்காரர்களுக்கு வராத இரக்கம். "மாத வாடகைக்கு இந்தத் தெருவில் யார் தம்பி விடுவார்கள்? ஒரு அறை, ஒரு அடுப்பு, நாலு பாத்திரம், நாளுக்கு நானூற்று ஐம்பது. நீங்களே பெருக்கிப் பாருங்கள்" என்றார். பெருக்கிப் பார்த்தேன். பதின்மூன்றாயிரத்து ஐந்நூறு. ஒரே அறைக்கு. எங்கள் மொத்த வீட்டின் வாடகை எட்டாயிரம். எங்கள் வீட்டுக்காரர் மேல் இருந்த கோபத்தில் பாதி அந்த இடத்திலேயே போய்விட்டது. நான் அவராக இருந்தால் குளியலறை ஐந்தாகக் கட்டியிருப்பேன்.

திரும்பிப் பார்த்தால் அம்மாவைக் காணவில்லை.

நடையின் கோடியில், வரிசையாக இருந்த அறைகளில் ஒன்றின் வாசலில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் வயதிலேயே ஒரு வங்காளத்து அம்மாள், சிவப்புக் கரைச் சேலை, கையில் வெள்ளைச் சங்கு வளையல். அம்மாவுக்கு எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் கொடுத்திருந்தார். இவள் தமிழில் பேசுகிறாள், அவர் வங்காளத்தில் பேசுகிறார். இவள் முழங்காலைத் தொட்டுக் காட்டுகிறாள், அவர் தன் முழங்காலைத் தொட்டுக் காட்டித் தலையாட்டுகிறார். அம்மா மடியை அவிழ்த்து ஒரு முருங்கைக்காயை எடுத்து நீட்டியதும் அந்த அம்மாள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, வேறு வார்த்தையே தேவைப்படவில்லை. முருங்கைக்காயை வங்காளத்திலும் தின்கிறார்கள் போலிருக்கிறது.

வரும் வழியில் அம்மா சொன்னாள்: "அவள் வீட்டுக்காரருக்கு நாளைக்கு ஆபரேஷன். நெஞ்சில். மகன் ஒருவன், வரவில்லை. லீவு கிடைக்கவில்லையாம்."

"அவர் பேசியது உனக்குப் புரிந்ததா?"

"இதில் புரிவதற்கு என்னடா இருக்கிறது?"

ஆடி பிறக்க இன்னும் ஒன்பது நாள். அதற்குள் பால் காய்ச்சவில்லையென்றால் ஒரு மாதம் அந்தச் சாக்கட்டிக் கோட்டுக்குள்தான் குடித்தனம், அதற்கும் மேஸ்திரி சம்மதிக்க வேண்டும். இன்று காலை எட்டரைக்குத் தரகர் போன் செய்தார். கொசப்பேட்டையில் ஒரு வீடு, முதல் மாடி, இரண்டு படுக்கையறை, வயதானவர்கள் இருந்தால் பரவாயில்லையாம். படிக்கட்டு மட்டும் கொஞ்சம் ஒடுக்கம், பத்து மணிக்குள் வந்தால் அளந்துகொள்ளலாம், அதற்குப் பிறகு வேறு ஆட்கள் பார்க்க வருகிறார்கள் என்றார். ஆபீசுக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு டேப்பைத் தேடினேன். மேஜை மேல் இல்லை, ஸ்கூட்டர் பெட்டியில் இல்லை. சுமதிதான் சொன்னாள், சின்னவன் அதை இழுத்து இழுத்து விளையாடுகிறான் என்று நேற்று ராத்திரி அத்தை பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்கள் என்று.

பீரோ சாவி அம்மாவின் இடுப்பில் இருக்கிறது. அம்மா பத்து இட்லியும் புளி போடாத சாம்பாரும் தூக்குப் பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு ஏழரை மணிக்கே ஷேர் ஆட்டோவில் பாபு ராவ் தெருவுக்குப் போய்விட்டாள். அவரை உள்ளே கொண்டுபோய்விட்டால் அந்தப் பெண் வெளியே தனியாக உட்கார்ந்து என்ன சாப்பிடுவாள் என்று கேட்டுவிட்டுப் போனாளாம். செல்போன் சுவாமி படத்துக்குப் பக்கத்தில் சார்ஜில் இருக்கிறது.

மணி இப்போது பத்தே கால். பீரோவுக்கு எதிரில் உட்கார்ந்துதான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.