உப்புக்காற்றில் ஒரு மூலிகைப் பாத்தி

ராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளிப் பக்கம் எங்கள் வீட்டுப் பின்புறம் முழுக்க மணல். கிணற்றுத் தண்ணீர் லேசாகக் கரிக்கும். இதில் மூலிகைப் பாத்தி போட்டு ஒரு மழையும் ஒரு கோடையும் தாண்டியாயிற்று. நின்றது எது, போனது எது என்று எழுதி வைக்கிறேன்.

துளசி போய்விட்டது. மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று எழுந்ததுமே இலை ஓரம் கருகத் தொடங்கியது. ஓலைத் தட்டி மறைவில் கற்பூரவல்லி மட்டும் தப்பியது. நிலவேம்பு முளைத்தது, கோடை தாங்கவில்லை. அதில் பெரிய வருத்தம் இல்லை. நிலவேம்புக் குடிநீருக்கு வெட்டிவேர், விலாமிச்சை, சந்தனம், பேய்ப்புடல், பற்படாகம், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு எல்லாம் நிலவேம்போடு சேர்த்து 9 சரக்கு வேண்டும். எப்படியும் நாட்டுமருந்துக் கடைக்குப் போய்த்தான் ஆகணும்.

நொச்சிக்கு இந்த மண்ணே போதும். கிளையை வெட்டிப் போத்தாக ஊன்றினேன், பிடித்துக்கொண்டது. ஆடு வாய் வைப்பதில்லை. சளி பிடித்தால் இலையைக் கொதிக்கவிட்டு வேது பிடிக்கிறோம். கொசுவுக்கு அந்தியில் மூட்டம் போடுகிறோம்.

பிரண்டைதான் பாத்தியின் ராஜா. சீமைக்கருவேல வேலியில் தானாக ஏறிக் கிடந்த கொடியை ஒடித்து நட்டேன், தண்ணீர்கூட கேட்கவில்லை. துவையலுக்கு நுனியிலிருந்து இரண்டு மூன்று கணு வரை எடுத்தால் போதும், அதற்குக் கீழே நார் முற்றியிருக்கும். கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு நான்கு ஓரத்து நாரையும் உரிக்க வேண்டும். “நாரை விட்டுட்டு அரைச்சே, தொண்டை பிடுங்கி எடுத்துரும்யா” என்று அப்பத்தா பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்ளும். தண்டுக்குள் கால்சியம் ஆக்ஸலேட் ஊசி ஊசியாகப் படிந்திருப்பதால்தான் இந்த அரிப்பு. பச்சை நிறம் மங்கிச் சுருளும்வரை எண்ணெயில் வதக்கி, புளி, மிளகாய், உளுந்து, உப்போடு அரைத்தால் அரிப்பு அடங்கிவிடுகிறது. பசி எடுக்காதவர்களுக்கு இங்கே காலங்காலமாகக் கொடுப்பது இதுதான். எலும்பு முறிவுக்குப் பற்றுப் போடுவதும் உண்டு. என்னைக் கேட்டால் முதலில் எக்ஸ்ரே.

அடப்பங்கொடியை நான் நடவே வேண்டியதில்லை, கடற்கரை முழுக்கக் கிடக்கிறது. கணுவுக்குக் கணு வேர் விட்டு மணலைப் பிடித்து வைக்கும். சொறி மீன் (ஜெல்லி மீன்) பட்ட இடத்தில் மீனவர்கள் இதன் இலையைக் கசக்கிச் சாறு விடுவார்கள். தாய்லாந்துக் கரையிலும் இதே வழக்கம் உண்டு, அங்கே ஆய்வுக்கூடத்திலும் சோதித்திருக்கிறார்கள். ஆனால் மூச்சு வாங்கினால் இலை தேடிக்கொண்டிருக்கக் கூடாது, ஆஸ்பத்திரிக்கு ஓடணும்.

அப்புறம் ஆடுதின்னாப்பாளை. பூச்சிக்கும் விஷக்கடிக்கும் பழைய வைத்தியத்தில் பேர்போன செடி. இதில் உள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயும் உண்டாக்கும். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை இதை உறுதிப்படுத்தியிருக்கிறது. பழசு என்பதற்காக இதைக் குடிக்க நான் தயாரில்லை. ஆனாலும் ஒரு மூலையில் வைத்திருக்கிறேன், வண்ணத்துப்பூச்சிக்காக. கறுப்பு இறகும் சிவப்பு உடம்புமாகத் தனுஷ்கோடிப் பக்கம் கூட்டமாய்ப் பறக்குமே, அதன் புழுவுக்கு இந்தக் குடும்பச் செடிதான் சாப்பாடு. இப்போது இலையில் பாதி ஓட்டை.

ஐப்பசி மழை விழுந்ததும் மேற்கு ஓரம் நெடுக நொச்சிப் போத்து ஊன்றப் போகிறேன். அது எழும்பிக் காற்றை மறித்தால் துளசியை மறுபடி வைக்கலாம்.