கருணை அடிப்படையில் வேலை: எங்கள் வீட்டுக் கோப்பு நகர்ந்த விதம்

எங்கள் பக்கத்தில் அரசு ஊழியர் ஒருவர் இறந்துவிட்டால், துக்கம் கேட்க வருகிறவர்களே "வேலை வீட்டுக்கு வந்துவிடும், கவலைப்படாதீர்கள்" என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போவார்கள். கருணை அடிப்படையில் குடும்பத்தில் ஒருவருக்கு அரசு தரும் வேலையைத்தான் அப்படிச் சொல்வார்கள். எங்கள் வீட்டுக்கு வந்தது என்னவோ தாள்கள்தான். இந்த வழியில் இப்போது நடந்துகொண்டிருக்கிறவர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

ராமநாதபுரம் மாவட்டத்தில் மன்னார் வளைகுடாவை ஒட்டிய கடற்கரை ஊர் எங்களுடையது. அப்பா மாநில அரசுத் துறை ஒன்றில் ஓட்டுநர். பணியில் இருக்கும்போதே மாரடைப்பில் போய்விட்டார். 2003 ஏப்ரல் 1-க்குப் பிறகு வேலையில் சேர்ந்தவர் என்பதால் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் இருந்தார். அம்மாவுக்கு மாதாமாதம் குடும்ப ஓய்வூதியம் வரும் என்ற பேச்சுக்கே அப்போது இடமில்லை. குடும்பப் பாதுகாப்பு நிதியில் கிடைத்த தொகை, வீடு கட்ட வாங்கியிருந்த கடனோடு சரியாகிவிட்டது.

யார் விண்ணப்பிப்பது என்பதில்தான் முதல் சண்டை. அம்மா படித்தது ஐந்தாம் வகுப்பு. அலுவலக உதவியாளர் பணிக்கே எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். அண்ணன் குவைத்தில் இருக்கிறான். நான் பி.காம். முடித்தவள், இளநிலை உதவியாளருக்குத் தகுதி உண்டு. "ஆண்பிள்ளை இருக்கும்போது பெண்ணுக்கு எதற்கு? நாளைக்கே இன்னொரு வீட்டுக்குப் போய்விடுவாள்" என்று பெரியப்பா குதித்தார். அண்ணன் தொலைபேசியில், "தங்கச்சியே போடட்டும். அம்மாவையும் அப்பத்தாவையும் கூட இருந்து பார்க்கப்போவது அவள்தானே" என்று சொன்னதும் பெரியப்பா வாயைத் திறக்கவில்லை.

அப்பாவோடு வேலை பார்த்த மாமா ஒருவர் சொன்ன யோசனைதான் எங்களைக் காப்பாற்றியது. "இறந்த தேதியிலிருந்து மூன்று வருடத்துக்குள் விண்ணப்பம் உள்ளே போயிருக்க வேண்டும். சான்றிதழ் குறைந்தால் பின்னால் கேட்டு வாங்குவார்கள். தேதி போனால் போனதுதான்." தபால் பிரிவில் இருந்தவர் இணைப்புகள் முழுமையாக இல்லை என்று வாங்க மறுத்தார். அதே விண்ணப்பத்தை ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்பினோம். முத்திரையோடு திரும்பி வந்த அட்டையை அம்மா பீரோவில் நகைப்பெட்டிக்குள் வைத்தார். நகை அடகில் இருந்ததால் பெட்டியில் இடம் நிறைய இருந்தது.

பக்கத்து ஊரில் ஒரு குடும்பம், பையனுக்குப் பதினெட்டு வயது ஆகட்டும் என்று விண்ணப்பிக்காமலே இருந்துவிட்டது. காலம் கடந்துவிட்டது என்று ஒரே வரியில் நிராகரித்தார்கள். கேட்கக் கொடுமையாகத்தான் இருக்கிறது. ஆனால் 1994-இல் உமேஷ் குமார் நாக்பால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை வைத்துத்தான் இன்றும் அலுவலகங்கள் பேசுகின்றன: இந்த நியமனம் சம்பாதித்தவரை இழந்த குடும்பம் அந்த நேரத்து நெருக்கடியிலிருந்து மீள்வதற்கு, பல ஆண்டுகள் கழித்து உரிமையாகக் கேட்பதற்கு அல்ல. கண்காணிப்பாளர் ஒருவர் அந்த வழக்கின் பெயரை மனப்பாடமாகவே வைத்திருந்தார். 2023-இல் வந்த தமிழக அரசின் கருணை நியமன விதிகளிலும் அந்த மூன்றாண்டு வரம்பு இருக்கிறது.

வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் பதிந்தோம். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று வரிசையாக ஏற வேண்டும். அங்கே பெயர்ச் சிக்கல் முளைத்தது. பணிப்பதிவேட்டில் அப்பா பெயரின் கடைசியில் 'சாமி' உண்டு. இறப்புச் சான்றிதழில் இல்லை. குடும்ப அட்டையில் தலைப்பெழுத்தே வேறு. இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று சான்று வாங்கிச் சேர்க்க வேண்டியதாயிற்று. வீட்டில் அரசு ஊழியர் இருப்பவர்கள், அவர் உயிரோடு இருக்கும்போதே எல்லா ஆவணங்களையும் ஒருமுறை அருகருகே வைத்துப் பார்த்துவிடுங்கள்.

இறந்தவரின் தாய் என்ற முறையில் அப்பத்தாவும் வாரிசு. எனக்கு வேலை தருவதில் ஆட்சேபனை இல்லை என்று அவரும் எழுதித் தர வேண்டும். அப்பத்தா இளமையிலிருந்தே கடல்பாசி எடுக்கப் போனவர். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டுதான் இறங்குவார்கள். இருந்தாலும் பாறை கிழித்துவிடும். கைரேகை வைத்தபோது மையில் வெறும் கறுப்பு வட்டம்தான் விழுந்தது. எழுத்தர் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "ரேகையே இல்லையே அம்மா" என்றார். "கடல் தின்னுருச்சு" என்றார் அப்பத்தா. வேறு விரல், வேறு கை என்று மாற்றி மாற்றி வைத்து, இடது கை மோதிர விரலில் ஒருவழியாகக் கோடுகள் தெரிந்தன. எந்த விரல் என்பதைப் பக்கத்தில் எழுதி, சாட்சிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள்.

அண்ணனின் சம்மதக் கடிதம் வேறு கதை. வாட்ஸ்அப்பில் அனுப்பியது செல்லாது. குவைத்தில் உள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்ற மூலக் கடிதம் வேண்டும் என்றார்கள். அவன் அன்றைய கூலியை விட்டுவிட்டுப் போய் வாங்கி, ஊருக்கு வந்த ஒருவர் கையில் கொடுத்தனுப்பினான்.

எல்லாவற்றையும்விடக் கடினமானது குடும்பம் வறிய நிலையில் இருக்கிறது என்ற சான்றுதான். மகள் என்பதைக் காட்ட ஒரு தாள் போதும். வறுமையைக் காட்ட வீட்டையே திறந்து காட்ட வேண்டும். விசாரணைக்கு வந்த அலுவலர் மரியாதையானவர்; அவர் கேள்விகள்தான் கூச வைத்தன. குளிர்சாதனப் பெட்டி யார் வாங்கியது? அண்ணன் மாதம் எவ்வளவு அனுப்புகிறான்? அவனுக்குத் தனிக் குடும்பம் இருக்கிறதா? பட்டாவில் இரண்டு ஏக்கர் காட்டுகிறதே, விளைச்சல் என்ன? அந்த இரண்டு ஏக்கரில் விளைவது சீமைக்கருவேலம். சில வருடங்களுக்கு ஒருமுறை கரிமூட்டம் போடுகிறவர்கள் வெட்டிக்கொண்டு ஏதோ கொடுப்பார்கள். அவரை அங்கேயே கூட்டிப்போய்க் காட்டினோம். முள் கிழித்த வேட்டியோடு திரும்பி வந்து, "மானாவாரி, சாகுபடி இல்லை" என்று எழுதினார்.

உள்ளதை மறைக்காமல் சொல்வதே நல்லது என்பது என் எண்ணம். அண்ணன் அனுப்பும் பணத்தை மறைக்கச் சொல்லி ஒரு தரகர் வந்தார். ஆட்சியர் அலுவலகத்தில் ஆள் இருக்கிறது என்று ஒரு தொகையும் கேட்டார். அம்மா அவருக்கு மோர் கொடுத்து அனுப்பிவிட்டார். அண்ணன் மனைவி மக்களோடு தனி அடுப்பு வைத்திருப்பதற்குக் குடும்ப அட்டையே சாட்சியாக இருந்தது, அதுவே போதுமானதாயிற்று.

அதன் பிறகு எனக்குச் செய்ய ஒன்றும் இல்லை. மதிப்பெண் சான்றிதழ்கள் உண்மையானவைதானா என்று சரிபார்க்க அனுப்பினார்கள். அப்பாவின் துறையில் காலியிடம் இல்லை என்று கோப்பு ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய், மாவட்ட முன்னுரிமைப் பட்டியலில் என் பெயர் ஏறியது. ஆட்சியர் அலுவலகம் இருக்கும் பட்டணம்காத்தானில் பஸ்ஸை விட்டு இறங்கி விசாரித்தால் "வரும்" என்பதே பதில். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டு, பட்டியலில் என் இடம் என்ன என்று கேட்டேன். எழுத்தில் பதில் வந்தது. எண் தெரிந்த பிறகு காத்திருப்பது சுலபமாகிவிட்டது. அலுவலகத்துக்கு அலைவதையும் நிறுத்தினேன்.

ஆணை வந்தது வேறொரு துறையில், இளநிலை உதவியாளராக. சேரும்போது மருத்துவத் தகுதிச் சான்றோடு, குடும்பத்தாரைப் பராமரிப்பேன் என்ற உறுதிமொழியும் கொடுத்திருக்கிறேன். பெரியப்பா அந்தத் தாளை வாங்கி இரண்டு முறை படித்துவிட்டு, "கல்யாணத்துக்குப் பிறகும் இது செல்லுமா?" என்று கேட்டார். செல்லும் என்றேன். அடகில் இருந்த நகையில் பாதியை மீட்டாயிற்று. தகுதிகாண் பருவம் முடிய, பவானிசாகரில் உள்ள அரசு ஊழியர் பயிற்சி நிலையத்தில் அடிப்படைப் பயிற்சி முடிக்க வேண்டும். அடுத்த அணியில் என் பெயர் இருக்கும் என்று சொல்கிறார்கள்.