செம்புக்குள் ரூலெட்

கோவாவில் மாண்டோவி ஆற்றில் நிற்கும் சூதாட்டக் கப்பல் ஒன்றுக்குப் போய், கைப்பணத்தை முழுவதுமாகத் தொலைத்துவிட்டுத் திரும்பிய எங்கள் சித்தப்பா, அந்த ஒரே தகுதியை வைத்துக்கொண்டு ரூலெட் என்னும் சக்கரச் சூதாட்டத்தைப் பற்றி யாருக்கு வேண்டுமானாலும் வகுப்பெடுக்க ஆயத்தமாக இருந்தார். அம்பாசமுத்திரத்தில் தங்கையின் கல்யாணத்துக்கு முந்தின இரவு, மண்டபத்து மாடியில் சீட்டுக்கட்டைக் காணாததால் அந்த வகுப்பு எங்களுக்கு வாய்த்தது.

சக்கரத்தில் 0 முதல் 36 வரை 37 குழிகள் உண்டு என்றும், அவற்றில் 18 சிவப்பு, 18 கறுப்பு, பூஜ்யம் மட்டும் பச்சை என்றும், சக்கரம் ஒரு திசையில் சுழல எதிர்த்திசையில் உருட்டிவிடப்படும் சிறு குண்டு வேகம் குறைந்து ஏதாவது ஒரு குழியில் விழும் என்றும் விளக்கினார். சக்கரத்துக்கு வழியில்லாததால், 37 துண்டுச் சீட்டுகளை எழுதிச் செம்பில் போட்டு, எடுத்த சீட்டை ஒவ்வொரு முறையும் திரும்பப் போட்டுக் குலுக்குவதென்று முடிவாயிற்று. பணயம், தாம்பூலப் பைக்காக வாங்கி வைத்திருந்த கொட்டைப்பாக்கு.

ஒற்றை எண்ணில் வைத்து அது விழுந்தால், வைத்ததோடு 35 மடங்கு சேர்த்துத் தருவார்கள் என்று கேட்டதும், ஆச்சி எல்லா எண்களிலும் ஒவ்வொரு பாக்கு வைத்தாள். அவள் வைத்தது 37, கைக்கு வந்தது 36. “மிச்சம் ஒண்ணு எங்கடே?” என்று கேட்டவள், சித்தப்பா விழிப்பதைப் பார்த்து, “ஏலச்சீட்டு நடத்துறவன் எடுக்க கமிஷன்தானே இது?” என்று தானே விடையும் சொல்லிவிட்டு எழுந்து படுக்கப் போய்விட்டாள். நூற்றுக்கு ஏறக்குறைய 2.7 வீதம் வரும் அந்தக் கழிவுதான் சூதாட்டக் கூடத்தின் வருமானம். அமெரிக்கச் சக்கரத்தில் இன்னொரு பூஜ்யமும் இருப்பதால் அது 5.26 ஆகிவிடுகிறது.

மாமாவோ கணக்கில் புலி என்று பெயர் எடுத்தவர். சிவப்பிலேயே வைத்து, தோற்றால் இரட்டிப்பாக்கினால் ஒருநாளும் நட்டம் வராது என்று 80 பாக்குகளோடு இறங்கினார். 1, 2, 4, 8 என்று வைத்த நான்கு முறையும் கறுப்பு வந்தது. 16 வைத்தபோது பச்சைப் பூஜ்யம் வந்து அதையும் வாரிக்கொண்டது. “இத்தனை தரம் வரல, இனி செவப்பு வந்துதானே மாப்ளே ஆகணும்” என்று 32 வைத்தார். 1913 ஆகஸ்ட் 18 அன்று மொனாக்கோவின் மான்டி கார்லோ சூதாட்டக் கூடத்தில் தொடர்ந்து 26 முறை கறுப்பு விழுந்தபோது, அங்கிருந்த கனவான்களும் இதையே சொல்லித்தான் சிவப்பில் கொட்டினார்கள். போன தடவை எந்தச் சீட்டு வந்தது என்பது செம்புக்கு எப்படித் தெரியும்? மறுபடியும் கறுப்பு. அடுத்து வைக்க வேண்டியது 64. மடியில் இருந்ததோ 17. அந்த 64 ஜெயித்திருந்தாலும் மொத்த லாபம் ஒரே ஒரு பாக்குதான் என்று நான் சொன்னது அவருக்குப் பிடிக்கவில்லை.

விடியற்காலையில் தாம்பூலப் பை போட வந்த பெரியம்மை, பாக்கு முழுவதும் சித்தப்பாவின் துண்டில் மூட்டையாகக் கிடப்பதைக் கண்டாள். “நாந்தான் பேங்க், மதினி, எல்லாம் முறைப்படி ஜெயிச்சது” என்று அவர் தொடங்குவதற்குள், துண்டோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு படியிறங்கிவிட்டாள்.